ப்யூரெட்டும் கைபேசியும்: டைட்ரேஷன் தேர்வில் நான் கற்றது

பி.எஸ்சி. வேதியியல் மாணவர்களுக்கு டைட்ரேஷன் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு கரைசலில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று, செறிவு தெரிந்த இன்னொரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கண்டுபிடிக்கும் சோதனை அது. சேர்ப்பது ப்யூரெட் வழியாக: அளவுக்கோடுகள் போட்ட நீண்ட கண்ணாடிக் குழாய், பூஜ்யம் மேலே, திறப்பு கீழே. செய்முறைத் தேர்வில் எங்கள் கைக்கு வந்து சேர்வது ஒரு எண்தான்: கரைசலில் இத்தனை கிராம் இருக்கிறது என்று மாணவர் எழுதும் விடை. 24 பேர் நிற்கும் ஆய்வகத்தில் மூன்று மணி நேரம் யார் கை என்ன செய்தது என்று ஒருவரால் பார்த்துவிட முடியாது. பிழை எத்தனை சதவீதம் என்று பார்த்து மார்க் போட்டுவிடுவோம்.

2020 ஊரடங்கின்போது கணினித் திரையில் டைட்ரேஷன் செய்ய வைத்தோம். எதற்குப் பின் எது என்று மனதில் பதிய அது நல்ல வழி. ஆனால் திரையில் தெரியும் ப்யூரெட்டின் மூக்கில் காற்றுக்குமிழ் நின்று அளவைக் கெடுப்பதில்லை. கல்லூரி திறந்ததும், வாராந்திர வகுப்புகளில் கைபேசியை ஆய்வக மேசைக்கே கொண்டுவரச் சொன்னேன்.

செய்தது எளிது. ஒவ்வொரு டைட்ரேஷனுக்கும் தொடக்க ரீடிங், முடிவு ரீடிங் இரண்டையும் படம் எடுக்க வேண்டும். முதல் சில சொட்டுகளையும் கடைசி அரை நிமிடத்தையும் வீடியோ எடுக்க வேண்டும். கணக்குப் போடுவதற்கு முன்பே ரீடிங்குகளையும் படங்களையும் கூகுள் ஃபார்மில் ஏற்றிவிட வேண்டும். ஏற்றிய நேரம் தானாகப் பதிவாகிவிடும். மூன்றாவது முறை செய்யாமலே இரண்டாவது ரீடிங்கையே மூன்றாவதாகவும் எழுதிவைக்கும் பழக்கம் சில வாரங்களில் குறைந்தது. இதை நான் எதிர்பார்த்தேன். எதிர்பாராதது வேறு.

ஒரு மாணவிக்கு மூன்று ரீடிங்கும் எப்போதும் அழகாக ஒத்துப்போகும்; விடை மட்டும் குறைவாகவே வரும். ஆக்சாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டால் அளக்கும் சோதனை. பெர்மாங்கனேட்டின் செறிவை நாங்களே கொடுத்திருந்தோம், அதனால் தவறு அங்கே இல்லை. கவனக்குறைவு என்று நினைத்து இரண்டு முறை மார்க் குறைத்திருக்கிறேன். தோழி ஸ்டூலில் ஏறி எடுத்த படத்தில்தான் விஷயம் தெரிந்தது: திரவம் பூஜ்யக் கோட்டுக்கு மேலே கிட்டத்தட்ட 0.3 மி.லி. நின்றது. அந்தப் பெண் குள்ளம். ஸ்டாண்டில் மாட்டிய ப்யூரெட்டின் பூஜ்யம் அவள் தலைக்கு மேலே இருந்தது. கீழிருந்து அண்ணாந்து பார்த்து, திரவம் கோட்டில் நிற்பதாக நம்பியிருக்கிறாள். முடிவு ரீடிங் கண்மட்டத்துக்கு வந்துவிடுவதால் அது சரியாக இருந்தது. 18 மி.லி.யில் 0.3 என்றால் பிழை ஒன்றரை சதவீதத்தைத் தாண்டிவிடும். அவள் கையில் ஒரு குறையும் இல்லை. ப்யூரெட்டைக் கீழே இறக்கிப் பூஜ்யம் வைக்கச் சொன்னேன், சரியாகிவிட்டது. எண்ணை மட்டும் பார்த்து நான் போட்ட அந்த இரண்டு மார்க்கும் அநியாயம்.

வீடியோ வேறொன்றைக் காட்டியது. ஆக்சாலிக் அமிலக் கரைசலை 60–70 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகும் பெர்மாங்கனேட்டின் முதல் சொட்டு நிறம் மாற நேரமாகும். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனிதான் பிறகு அதை வேகப்படுத்துகிறது. பொறுமையில்லாமல் திறப்பைத் திருகிவிட்டால் கரைசல் பழுப்பாகக் கலங்கிவிடும். அந்தக் கணம் படத்தில் இருந்தால் மாணவரோடு உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், பத்துக் கேள்வி கேட்பதைவிட இது பயன்படுகிறது என்பது என் கருத்து. இப்போது இன்டர்னல் மார்க்கில் ஒரு பங்கைக் கைத்திறனுக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன்.

இயற்பியல் துறையினர் ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் (phyphox) செயலியைப் பார்க்கலாம். கைபேசியின் சென்சார்களை வைத்தே ஊசலின் அலைவு நேரத்தை அளக்கும், தரவைக் கோப்பாகவும் தரும்.

மாணவர்களுக்கு: படம் எடுக்கும்போது லென்ஸ் திரவ மட்டத்துக்கு நேராக இருக்கட்டும், இல்லாவிட்டால் கண் செய்யும் தவறையே கேமராவும் செய்யும். பின்னால் ஒரு வெள்ளைத் தாள் பிடியுங்கள். பெர்மாங்கனேட் அடர்நிறம் என்பதால் மேல் விளிம்பைப் படியுங்கள், தொடக்கத்திலும் முடிவிலும் அதையே. கைபேசியை ஜிப் கவரில் போட்டுக்கொள்ளுங்கள், பர்னர் பக்கம் வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு: எல்லோரிடமும் நல்ல கைபேசி இருக்காது. மேசைக்கு ஒன்று போதும், ஒருவர் செய்ய மற்றவர் படம் எடுக்கட்டும். முகம் வேண்டாம், கையும் ப்யூரெட்டும் தெரிந்தால் போதும். மார்க் போட்டு முடித்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன், அதை முதல் வகுப்பிலேயே அவர்களிடம் சொல்லியும் விடுகிறேன்.