29,000 பவுண்டு: பிரிட்டன் துணைவர் விசாவில் உங்கள் சம்பளம் எப்படி எண்ணப்படுகிறது

ஆண்டுக்கு முப்பதாயிரம் பவுண்டு சம்பளம், வரியும் ஒழுங்காகக் கட்டியாகிறது. ஆனாலும் ஊரில் இருக்கும் மனைவிக்கோ கணவருக்கோ விசா மறுக்கப்படலாம். வருமானத்தை எண்ண ஹோம் ஆபீஸுக்கென்று (விசா தரும் பிரிட்டன் உள்துறை) தனிக் கணக்கு ஒன்று உண்டு. நாம் வீட்டில் போடும் கணக்கு அதோடு ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை. அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

துணைவரை அழைக்கும் பிரிட்டன்வாசிக்கு (ஸ்பான்சர்) குறைந்தது இவ்வளவு ஆண்டு வருமானம் இருக்க வேண்டும் என்ற விதி 2012 ஜூலையில் வந்தபோது அந்தத் தொகை 18,600 பவுண்டு. 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு அது 29,000 ஆனது. அதை 38,700 வரை கொண்டுபோகும் திட்டமும் அப்போது இருந்தது, நடக்கவில்லை. பழைய விதியில் குழந்தைகளுக்குத் தனித்தொகை சேர்க்க வேண்டும்: முதல் குழந்தைக்கு 3,800, அடுத்த ஒவ்வொருவருக்கும் 2,400. புதிய விதியில் எத்தனை குழந்தைகள் இருந்தாலும் 29,000தான். 2024 ஏப்ரல் 11க்கு முன்பே விண்ணப்பித்து, அதே துணைவரோடு அதே வழியில் நீட்டிப்பவர்களுக்கு இன்றும் பழைய 18,600 கணக்கே பொருந்தும். இது தெரியாமல் 29,000க்காக இரண்டாவது வேலை தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

கேட்டகரி ஏ

வருமானத்தைக் காட்டும் வழிகளை ஹோம் ஆபீஸ் கேட்டகரிகளாகப் பிரிக்கிறது. ஒரே முதலாளியிடம் ஆறு மாதமாவது வேலை பார்த்தவர்களுக்கானது இது. இதுவே சுலபமான வழி, சறுக்கல் அதிகமும் இங்கேதான்.

மாதச் சம்பளக்காரருக்கு ஹோம் ஆபீஸ் ஆறு மாதப் பேஸ்லிப்பையும் எடுத்து, அவற்றில் மிகக் குறைந்த சம்பளம் எதுவோ அதைப் பன்னிரண்டால் பெருக்கும். சராசரி பார்க்காது. 29,000ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 2,416 பவுண்டு 67 பென்ஸ். ஐந்து மாதம் 2,500 வாங்கிவிட்டு, ஒரே ஒரு மாதம் சம்பளமில்லா விடுப்பில் 2,300 வந்திருந்தால் உங்கள் ஆண்டு வருமானம் 27,600 என்று எழுதிவிடுவார்கள். சம்பள உயர்வும் அப்படித்தான். உயர்வு கிடைத்த மறுமாதமே விண்ணப்பித்தால் மீதி ஐந்து பேஸ்லிப் பழைய சம்பளத்தையே காட்டும். ஆறும் புதிய சம்பளத்தில் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

மணிக்கணக்கில் கூலி வாங்குபவர்களுக்கு விதி கொஞ்சம் இளகியது. அவர்களுக்கு ஆறு மாதச் சராசரிதான் கணக்கு; ஆறு மாதக் கூட்டுத்தொகை 14,500ஐத் தொட்டால் போதும். கடை வேலையிலோ பராமரிப்பு இல்லத்திலோ ஷிப்டு பார்ப்பவருக்கு ஒரு மாதம் குறைந்தாலும் அடுத்த மாதம் ஈடுகட்டிவிடலாம், நிரந்தரச் சம்பளக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. விதி எழுதியவர்கள் இதை யோசித்துத்தான் எழுதினார்களா என்று கேட்கத் தோன்றும்.

இரண்டு வேலைகளின் சம்பளத்தையும் கூட்டிக் காட்டலாம். ஆனால் இரண்டாவது வேலையும் ஆறு மாதத்தைத் தாண்டியிருக்க வேண்டும். மகப்பேறு விடுப்பில் இருப்பவர், விடுப்பு தொடங்கும் முன் வாங்கிய ஆறு மாதச் சம்பளத்தைக் காட்டலாம்.

கணக்கு சரியாக வந்தாலும் காகிதத்தில் கோட்டை விடுபவர்கள் உண்டு. ஆறு மாதப் பேஸ்லிப், அதே ஆறு மாதத்துக்கான பேங்க் ஸ்டேட்மெண்ட், முதலாளியின் கடிதம் மூன்றும் வேண்டும். பேஸ்லிப்பில் கையில் வரும் தொகை எதுவோ அதே தொகை ஸ்டேட்மெண்டில் வரவாகத் தெரிய வேண்டும், ஒரு பென்ஸ் கூட வித்தியாசம் இல்லாமல். சம்பளத்தில் பாதியை ரொக்கமாக வாங்குபவர்களுக்கு இங்கேதான் அடி: பேங்கில் போட்ட தொகை மட்டுமே கணக்கில் வரும்.

முதலாளியின் கடிதத்தில் நான்கு விவரங்கள் கட்டாயம்: வேலையில் இருப்பதும் ஆண்டு மொத்தச் சம்பளமும், எத்தனை காலமாக வேலை செய்கிறார், எப்போதிலிருந்து இந்தச் சம்பளம் வாங்குகிறார், வேலை நிரந்தரமா ஒப்பந்தமா ஏஜென்சி வழியா. மூன்றாவதைத்தான் எச்ஆர் ஆட்கள் வழக்கமாக மறப்பார்கள். அவர்களே எழுதட்டும் என்று விடாமல், இந்த நான்கும் அடங்கிய மாதிரி ஒன்றை எழுதிக் கையில் கொடுத்துவிடுவது நல்லது.

தேதியிலும் கவனம் வேண்டும். கடைசி பேஸ்லிப்பும் கடைசி ஸ்டேட்மெண்டும் விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 28 நாளுக்குள் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து போடும் விண்ணப்பத்துக்கு விண்ணப்பத் தேதி என்பது ஆன்லைனில் கட்டணம் கட்டிய நாள். கைரேகை கொடுக்கப் போகும் நாளை வைத்துக் கணக்குப் போட்டவர்களுக்கு ஆறு மாதக் கட்டே ஒரு மாதம் நகர்ந்து நிற்கும்.

வேலை மாறியவர்கள்

இப்போதைய வேலையில் ஆறு மாதம் ஆகாதவர்கள் கேட்டகரி பி வழியில் போகலாம். அதில் இரண்டு படி, இரண்டையும் தாண்ட வேண்டும்: இன்றைய வேலையின் ஆண்டுச் சம்பளம் 29,000 இருக்க வேண்டும், கடந்த பன்னிரண்டு மாதத்தில் உண்மையில் கைக்கு வந்த மொத்தச் சம்பளமும் 29,000 இருக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 36,000 பவுண்டு வேலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது, அதில் வந்தது 12,000. அதற்கு முந்தைய எட்டு மாதம் மாதம் 1,750 வீதம் 14,000. மொத்தம் 26,000, போதாது. இனி ஒவ்வொரு மாதமும் ஒரு பழைய 1,750 கழிந்து ஒரு புதிய 3,000 சேரும், அதாவது மாதம் 1,250 ஏறும். 29,000ஐத் தாண்ட இன்னும் மூன்று மாதம் வேண்டும். ஆனால் இரண்டே மாதத்தில் இந்த வேலையில் ஆறு மாதம் முடிந்து கேட்டகரி ஏ திறந்துவிடும். புதிதாக நல்ல சம்பளத்தில் சேர்ந்தவர்களுக்கு பியைவிட ஏதான் பெரும்பாலும் முதலில் வந்து சேரும். அவசரப்பட்டு பியில் போட்டுக் கட்டணத்தை இழக்க வேண்டாம்.

ஊரில் இருப்பவரின் வருமானம்

வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும்போது துணைவர் அங்கே வாங்கும் சம்பளம் எண்ணப்படாது, அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும். ஆனால் அவர் பேரில் இருக்கும் வீட்டின் வாடகை, டிவிடெண்ட், வட்டி எல்லாம் எண்ணப்படும். இது பலருக்குத் தெரியாது. விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் வந்த வாடகை, வரிக்கு முந்தைய தொகையாகக் கணக்கில் சேரும். அந்தச் சொத்து விண்ணப்பிக்கும் நாளிலும் அவர் பேரிலேயே இருக்க வேண்டும். பத்திரம், வாடகை ஒப்பந்தம், பன்னிரண்டு மாத ஸ்டேட்மெண்ட் மூன்றும் வேண்டும். அண்ணன் தம்பியோடு பொதுவில் இருக்கும் வீடு என்றால் அவர் பங்குக்கான வாடகை மட்டும்தான். வாடகை கையில் ரொக்கமாக வாங்கியிருந்தால் நிரூபிக்க வழியில்லை, இன்றே பேங்குக்கு மாற்றுங்கள்.

ரூபாயை பவுண்டாக மாற்ற ஹோம் ஆபீஸ் ஓண்டா என்ற நாணயமாற்று விகிதத் தளத்தில் விண்ணப்பத் தேதிக்குக் காட்டும் விகிதத்தை எடுக்கும். 29,000ஐ மயிரிழையில் தாண்டும்படி கணக்குப் போட்டுவைத்தால் ரூபாய் சரியும் வாரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

சேமிப்பு

சம்பளம் குறைந்தால் சேமிப்பைக் கொண்டு நிரப்பலாம். சூத்திரம்: குறைகிற தொகையை இரண்டரையால் பெருக்கி 16,000 கூட்டுங்கள். சம்பளம் 28,000 என்றால் குறைவது 1,000. 2,500ஐயும் 16,000ஐயும் கூட்டினால் 18,500. சம்பளம் 26,000க்கு 23,500. சம்பளம் 20,000 என்றால் 38,500. வருமானமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதற்கு 88,500. முதல் 16,000ஐ அவர்கள் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை; அதற்கு மேல் சேமிப்பு இருப்பவருக்குப் பொதுவாக அரசு உதவித்தொகை கிடைக்காது என்பதிலிருந்து வந்த எல்லை அது. இரண்டரை என்பது விசாவுக்கென்று இந்தச் சூத்திரத்தில் எடுத்துக்கொள்ளும் இரண்டரை ஆண்டு.

ஆயிரம் பவுண்டு குறைந்தாலே பதினெட்டாயிரத்து ஐந்நூறு வேண்டும் என்பதால், சேமிப்பைத் தேடி ஓடுவதைவிட சனிக்கிழமை வேலை ஒன்றை ஆறு மாதம் பார்ப்பது பலருக்கு எளிது.

இந்தப் பணம் உங்கள் பேரிலோ துணைவர் பேரிலோ இருவர் பேரிலோ ஆறு மாதம் முழுக்க இருந்திருக்க வேண்டும். ஆறு மாதத்தில் இருப்பு ஒரே ஒரு நாள் இறங்கினாலும் அந்தக் குறைந்த இருப்புதான் எண்ணப்படும். உடனே எடுக்கக்கூடிய பணமாக இருக்க வேண்டும். அபராதம் கட்டி உடைக்கக்கூடிய டெபாசிட் என்றாலும் சரி. பங்குகள், நிலம், நகை எதுவும் அப்படியே செல்லாது. பங்கையோ வீட்டையோ நிலத்தையோ விற்ற பணத்துக்கு மட்டும் ஒரு தளர்வு உண்டு: விற்றது நேற்று என்றாலும், பணமும் சொத்தும் சேர்ந்து ஆறு மாதம் உங்கள் கையில் இருந்தது என்று காகிதத்தில் காட்டினால் போதும். நகை விற்ற பணத்துக்கு அந்தத் தளர்வு இல்லை, ஆறு மாதம் காத்திருக்கத்தான் வேண்டும்.

அப்பா அம்மா, மாமனார் கொடுத்த பணம் அன்பளிப்பாக இருந்தால் செல்லும், கடனாக இருந்தால் செல்லாது. எங்கிருந்து வந்தது, திருப்பித் தர வேண்டியதில்லை என்று கொடுத்தவர் எழுதித் தரும் கடிதத்தைப் பணம் வந்த நாளிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் தேதியும் தொகையும் பொருந்தாமல் போகும்.

இன்னொன்று. விசாக் கட்டணம், சுகாதாரக் கட்டணம் எல்லாம் இதே கணக்கிலிருந்து கட்டும் பழக்கத்தை விடுங்கள். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்க 2025 ஏப்ரலில் கட்டணம் 1,938 பவுண்டாக இருந்தது. சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035. முதல் விசாவின் 33 மாதத்தை மூன்று ஆண்டாக எண்ணி 3,105. ஐந்தாயிரத்துக்கு மேல் போகும் இந்தத் தொகையைச் சேமிப்போடு சேர்த்தே எண்ணி வைத்தவர்களுக்கு, கட்டணத்தை வேறு எங்கிருந்து எடுப்பது என்பது கடைசி நேரத் தலைவலியாகிவிடும். விசா மறுக்கப்பட்டால் சுகாதாரக் கட்டணம் திரும்ப வரும், விசாக் கட்டணம் வராது.

சொந்தத் தொழில்

இந்த வகைக்குச் சுருக்கமாக இரண்டு எச்சரிக்கை. சேமிப்பைச் சொந்தத் தொழில் வருமானத்தோடு கூட்டவே முடியாது. அதற்கு விதியில் இடமில்லை. தனி வியாபாரிக்குப் பார்ப்பது வரிக்கு உட்பட்ட லாபம், விற்றுமுதல் அல்ல. வரியைக் குறைக்கச் செலவுகளை ஏற்றி எழுதியவர்கள் விசாவில் அதன் விலையைக் கொடுப்பார்கள். கடைசி முழு நிதியாண்டு போதவில்லை என்றால் கடைசி இரண்டு ஆண்டின் சராசரியைக் காட்டலாம்.

குடும்பத்தின் சொந்தக் கம்பெனியில் டைரக்டராக இருந்து பேஸ்லிப் வாங்குபவர், கேட்டகரி ஏ என்று நினைத்து விண்ணப்பித்தால் நிச்சயம் மாட்டுவார். பங்குகள் குடும்பத்தார் கையில் இருந்து, மீதியும் ஐந்து பேருக்குக் குறைவானவர்களிடம் இருந்தால், அது சொந்தத் தொழில் போலவே நடத்தப்படும்: கம்பெனியின் கணக்கு வழக்கு, கார்ப்பரேஷன் டாக்ஸ் ஆவணம், பன்னிரண்டு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் கேட்பார்கள். ஆறு பேஸ்லிப்போடு போனால் மறுப்புதான்.

29,000க்கு வேறு கணக்கு உள்ளவர்கள்

ஸ்பான்சர் பிஐபி (உடல்நலக் குறை உள்ளவர்களுக்கான உதவி), அட்டெண்டன்ஸ் அலவன்ஸ், கேரர்ஸ் அலவன்ஸ் போன்ற அரசு உதவித்தொகை பெறுபவர் என்றால் குறைந்தபட்ச வருமான விதியே பொருந்தாது. வரியும் வாடகையும் போக மிஞ்சும் தொகை, ஒரு தம்பதிக்கு அரசு தரும் இன்கம் சப்போர்ட் அளவுக்காவது இருந்தால் போதும்.

வெளிநாட்டில் துணைவரோடு சேர்ந்து வாழ்ந்து இப்போது பிரிட்டன் திரும்பும் ஸ்பான்சருக்கும் வேறு கணக்கு: அங்கே கடந்த ஆறு மாதமாக ஆண்டுக்கு 29,000 என்ற அளவுக்குச் சம்பளம் வாங்கியிருக்க வேண்டும், திரும்பிய மூன்று மாதத்துக்குள் தொடங்கும் 29,000 பவுண்டு வேலை ஒன்று இங்கே உறுதியாகியிருக்க வேண்டும்.

எதிலுமே அடங்காதவர்களுக்கு 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வாசலைத் திறந்தது. குறைந்தபட்ச வருமான விதி செல்லும் என்றுதான் தீர்ப்பு. ஆனால் மறுப்பு குடும்பத்துக்கு மிகக் கடுமையான விளைவைத் தரும் இடத்தில் மற்ற நம்பத்தக்க வருமானத்தையும் பார்க்க வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. உறவினரின் உதவி, துணைவர் இங்கே வந்து வாங்கப்போகும் சம்பளம் போன்றவை அங்கேதான் எடுபடும். ஆனால் அந்த வழியில் நிரந்தர வதிவுரிமைக்குப் பத்தாண்டு. சாதாரண வழியில் ஐந்து. ஆறு மாதம் பொறுத்து 29,000ஐ எட்ட முடியும் என்றால் பொறுப்பதே மேல்.

விசா கிடைத்து வந்த பிறகு, இரண்டரை ஆண்டு நீட்டிப்பின்போதும் அதே 29,000ஐ மறுபடி காட்ட வேண்டும். அப்போது துணைவரின் பிரிட்டன் சம்பளமும் கணக்கில் சேரும். அதனால் வந்தவர் வேலைக்குப் போவது தள்ளிப்போனாலும், நீட்டிப்புக்கு ஆறு மாதம் முன்பாவது ஒரே இடத்தில் நிலைக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். நீட்டிப்பு விண்ணப்பத்தை, கையில் இருக்கும் விசா முடிவதற்கு முந்தைய 28 நாளுக்குள் போடுவது வழக்கம். அந்த நாளிலிருந்து பின்னோக்கி ஆறு பேஸ்லிப் எண்ணினால், எந்த மாதம் முதல் சம்பளம் குறையக் கூடாது என்பது தெரிந்துவிடும்.