சந்தா பாக்கி: ஜூன் மாத நாட்குறிப்பு

2 ஜூன் 2025, திங்கள்

இங்கே சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. என்னிடம் தமிழ் படிக்கும் பதினொரு பிள்ளைகளில் ஏழு பேர் இந்த மாதம் வரமாட்டார்கள், ஆக வருமானம் பாதிக்கும் கீழே. இன்றைக்குப் பார்த்து மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் இரண்டாவது கடிதம் வந்திருக்கிறது. மருத்துவச் செலவுக்கான என் மெடிசேவ் சேமிப்புக் கணக்கில் பணம் போதாததால் சந்தாவைப் பிடிக்க முடியவில்லை, குறிப்பிட்ட தேதிக்குள் கட்டாவிட்டால் திட்டம் காலாவதியாகும் என்கிறது. முதல் கடிதம் ஏப்ரலில் வந்தது. படித்துவிட்டு அரிசி டப்பா மேல் வைத்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறது, ஓரத்தில் எண்ணெய்க் கறையோடு. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

4 ஜூன், புதன்

மெடிசேவ் எப்படிக் காலியானது என்று ராத்திரி சிங்பாஸில் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) நுழைந்து பார்த்தேன். அலுவலக வேலையில் இருந்தவரை மாதாமாதம் தானாகப் போய்ச் சேர்ந்தது. துணைப்பாடம் எடுக்க ஆரம்பித்த பிறகு நான்தான் கட்டவேண்டும். சொந்தத் தொழில் செய்பவருக்கு ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவுக்குக் கட்டுவது கட்டாயம். வரிக் கணக்குக் கொடுத்த பிறகு அதற்கான கடிதமும் வந்தது. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இரண்டு வருடம் தள்ளிவிட்டேன். உள்ளே பணம் வராமல் சந்தா மட்டும் வெளியே போய்க்கொண்டிருந்தால் எவ்வளவு நாள் தாங்கும்?

5 ஜூன், வியாழன்

மெடிசேவ் கணக்கை நடத்தும் மத்திய சேமநிதிக் கழகத்துக்கு ஃபோன் செய்தேன். வயிற்றைப் பிசைந்தது, திட்டுவார்களோ என்று. ஃபோனை எடுத்த பெண் பொறுமையாகப் பேசினார். முதலில் சொன்னதே எனக்குப் போதும்: "உங்க மெடிஷீல்டு லைஃப் போகாதும்மா."

எனக்கு இது சரியாகப் புரிந்ததே இன்றைக்குத்தான். நான் ஒரே காப்பீடு என்று நினைத்தது இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கு மெடிஷீல்டு லைஃப். 2015 நவம்பரில் வந்தது, குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும், ஏற்கெனவே நோய் இருந்தாலும், ஆயுள் முழுக்க. கட்ட வழியில்லை என்பதற்காக யாருக்கும் அதை நிறுத்துவதில்லை. மேல் அடுக்கு, தனியார் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த திட்டம். காலாவதியாவது அதுதான். ஆனாலும் அது எனக்குச் சின்ன விஷயம் இல்லை, ஏனென்றால் எனக்கு நீரிழிவு வந்து இரண்டு வருடம் ஆகிறது. விட்டுவிட்டுப் பிறகு புதிதாகச் சேரப் போனால், இருக்கும் நோயைச் சேர்க்கமாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு.

கூடுதல் சந்தா ஆதரவு பற்றியும் கேட்டேன். சந்தாவில் அரசாங்க மானியம் போக மிச்சத்தையும் கட்ட முடியாமல், மெடிசேவும் தீர்ந்து, குடும்பத்திலும் கைகொடுக்க ஆள் இல்லாதவர்களுக்கு அது. "வீட்டில வேற யாராவது வேலை செய்றாங்களா?" என்று கேட்டார். மகன், என்றேன். சொல்லும்போதே தொண்டை அடைத்தது.

10 ஜூன், செவ்வாய்

காப்பீட்டு முகவரிடம் பேசினேன். என் வயதுக்கு மேல் அடுக்கின் சந்தாவுக்கு மெடிசேவிலிருந்து வருடத்துக்கு 600 வெள்ளிவரைதான் எடுக்கலாம் (41 முதல் 70 வயதுவரை அதுதான் வரம்பு). அதற்கு மேல் ரொக்கம். பில்லில் என் பங்கைக் குறைக்கும் கூடுதல் காப்பீடான ரைடர் முழுக்கவே ரொக்கம். என்னை நெரித்தது இந்த ரொக்கம்தான், அது தெரியாமல் மெடிசேவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். தனியார் மருத்துவமனைத் திட்டத்திலிருந்து அரசாங்க மருத்துவமனை பி1 வார்டுத் திட்டத்துக்கு, அதே நிறுவனத்திலேயே, புதிய மருத்துவக் கேள்விகள் இல்லாமல் இறங்கலாம் என்றார். ரைடரையும் விட்டுவிட முடிவு செய்தேன். பில் வந்தால் என் பங்கு கூடும், தெரிந்துதான் செய்கிறேன். நான் நீரிழிவுக்குப் போவது பலதுறை மருந்தகத்துக்கு. தனியார் மருத்துவமனை அறையை எந்தக் காலத்தில் பார்க்கப்போகிறேன்?

12 ஜூன், வியாழன்

மகனிடம் சொல்லிவிட்டேன். தேசிய சேவை முடித்து வேலைக்குப் போய் நாலு மாதம்தான் ஆகிறது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையைக் கழுவிவிட்டு வந்து கடிதத்தை வாங்கிப் படித்தான், கறையைத் தடவிப் பார்த்தான். "ஏப்ரல்லயே ஏம்மா சொல்லல?" அவ்வளவுதான் கேட்டான். பிள்ளையின் மெடிசேவிலிருந்து அம்மாவின் சந்தாவைக் கட்டலாம். அவன் கணக்கிலும் கொஞ்சம்தான் இருக்கிறது, ஆனால் திட்டத்தை இறக்கிய பிறகு அது போதும். இரண்டு பேரும் உட்கார்ந்து விண்ணப்பத்தை அனுப்பினோம். அப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை.

17 ஜூன், செவ்வாய்

பேட்டையிலுள்ள சமூக சேவை அலுவலகத்துக்கும் போய்வந்தேன், விடுமுறை மாதங்களைத் தாண்ட ஏதாவது வழி உண்டா என்று. வருமானக் கணக்கு, வங்கி அறிக்கை எல்லாம் கேட்டார்கள். காம்கேர் என்ற அரசாங்க நிதி உதவி எங்களுக்குக் கிடைக்குமா என்று பார்த்துச் சொல்வார்கள். நேரில் போக முடியாதவர்கள் 1800-222-0000 என்ற காம்கேர் எண்ணில் பேசலாம். இந்தியர்களுக்கான மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிலும் குடும்பங்களுக்கு உதவி உண்டு என்று எனக்குத் தெரியும், பிள்ளைகளின் துணைப்பாடத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள்.

நான் குழப்பிக்கொண்டிருந்த ஒன்றும் இங்கே தெளிந்தது. மெடிஃபண்ட் என்ற அரசாங்க உதவி நிதி மருத்துவமனை பில்லுக்கு, சந்தாவுக்கு இல்லை. அரசாங்க மருத்துவமனையில் மானிய வார்டில் இருந்து, பில் கட்ட முடியாமல் போனால், அங்கேயே மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்கவேண்டும். வீட்டுக்கு வந்து கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் பிறகு யோசிக்கக் கூடாது.

26 ஜூன், வியாழன்

சந்தா கட்டியாகிவிட்டது, மகன் ஃபோனில் காட்டினான். என் மெடிசேவ் பாக்கியை ஜைரோ வழியாக (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் முறை) மாதத் தவணையில் கட்ட ஏற்பாடு செய்திருக்கிறேன்.

சாயங்காலம் கீழ்த்தளத்தில் எதிர்வீட்டு அக்காவைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் மேலே போனவர், பத்து நிமிடத்தில் வாசலில் வந்து நின்றார், கையில் நாலு கடிதம், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. மூன்றைப் பிரித்துப் படித்துச் சொன்னேன். நாலாவதைத் தானே பிரிப்பதாகச் சொன்னார். நாளைக் காலை ஒன்பது மணிக்கு என் வீட்டிலிருந்து ஃபோன் செய்கிறோம்.