டிசம்பரில் டொராண்டோ போகிறீர்களா? பெங்களூரிலிருந்து பெட்டி கட்டும் முன்

பெங்களூரில் விடியற்காலை 15 டிகிரி ஆனாலே மங்கி குல்லாவைத் தேட ஆரம்பித்துவிடுவோம். அதே கணக்கில் கனமான ஸ்வெட்டராக வாங்கி அடுக்கினால் பெட்டிதான் நிறையும். டொராண்டோவில் ஜனவரி இரவுகளில் மைனஸ் 7, 8 சாதாரணம். குளிர் அலை வந்தால் மைனஸ் 20கூடப் போகும். ஆனால் வீட்டுக்குள் எந்நேரமும் ஹீட்டர் ஓடும், 20, 21 டிகிரி இருக்கும். மகள் வீட்டுக்கோ தம்பி வீட்டுக்கோ போகிறவர்களைப் பெரும்பாலும் படுத்தி எடுப்பவை இரண்டு: ஈரக் காலும் வறண்ட காற்றும்.

முதலில் துணி. உடம்போடு ஒட்டிக்கிடக்கும் தெர்மல் இரண்டு செட், மேலே ஒரு ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழை மேலாடை), அதற்கும் மேலே காற்றும் தண்ணீரும் புகாத கோட்டு. தெர்மல் பாலியெஸ்டராகவோ மெரினோ கம்பளியாகவோ இருக்கட்டும். பருத்தி வேண்டவே வேண்டாம். கோட்டு போட்டு நாலு எட்டு நடந்தாலே வியர்க்கும்; பருத்தி அதைக் குடித்து வைத்துக்கொண்டு, நின்றதும் உடம்பை வெடவெடக்க வைத்துவிடும். ‘தெர்மல்’ என்று போட்டிருந்தாலும் லேபிளைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். இதெல்லாம் இங்கே டெக்கத்லானிலேயே கிடைக்கும்.

கோட்டையும் பூட்ஸையும் மட்டும் இங்கே வாங்காதீர்கள். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் மணாலிக்கு ஒரு வாரம் போய்வருகிறவர்களுக்கானது. அங்கே இருப்பவர்கள் வீட்டில் பழைய கோட்டு ஒன்றாவது தொங்கும்; அளவைச் சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இறங்கியதும் கார் பார்க்கிங் வரை போக ஒரு ஜாக்கெட், குல்லா, கையுறை மட்டும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி வந்து சேராமல் போனாலும் தப்பிக்கலாம்.

பூட்ஸ் வழக்கமான அளவைவிட அரை சைஸ் பெரிதாக, உள்ளே ஒரே ஒரு தடித்த கம்பளி சாக்ஸ். இரண்டு சாக்ஸ் போட்டு இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும், சூட்டைப் பிடித்து வைக்கிற காற்றுக்கும் இடமிருக்காது. கால் இன்னும் சில்லிட்டுப் போகும். பெண்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் மெட்டி. நீண்ட விமானப் பயணத்தில் கால் வீங்கும். வீங்கிய விரலில் முத்து வைத்த மெட்டி, அதற்கு மேல் இறுக்கமான பூட்ஸ் என்றால் விரல் மரத்துவிடும், கழற்றவும் வராது. கிளம்புவதற்கு முன்பே சோப்பு போட்டுக் கழற்றிவிடுங்கள். மனசு வராதவர்கள் தளர்வான ஒற்றைச் சுற்று மெட்டிக்கு மாறிக்கொள்ளலாம்.

தெருவில் பனி உருக உப்புப் போடுவார்கள். பாதி உருகி, சேறு மாதிரி கிடக்கும் அந்த உப்புத் தண்ணீரைப் புடவைக் கரை அப்படியே உறிஞ்சிவிடும். வெளியே பேன்ட் அல்லது சுடிதார்தான் சரி. புடவையைப் பொங்கல் விழாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2014 முதல் ஜனவரி மாதமே தமிழ் மரபு மாதம், விழாக்களுக்குக் குறைவிருக்காது. பூட்ஸில் படியும் வெள்ளைக் கறைக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்தால் போதும்.

சும்மா உட்காரத் தெரியாத அப்பாக்கள் பனி அள்ளும் மண்வாரியைத் தொடவே கூடாது. குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். அதோடு குனிந்து கனம் தூக்கினால் மாரடைப்பில் போய் முடியலாம். மருமகனே அள்ளட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் மருந்துச் சீட்டோடு அதைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது, தூக்கிப்போட வேண்டியதுதான்.

வறட்சியில் மூக்கில் ரத்தம் எட்டிப் பார்க்கும், குதிகால் வெடிக்கும், கதவுப்பிடியைத் தொட்டால் சுரீர் என்று ஷாக் அடிக்கும். குளித்த ஈரம் காய்வதற்குள் வாசலைனோ நல்லெண்ணெயோ தடவுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், ஸ்பூன் வைத்துச் சுரண்டத்தான் சரியாக இருக்கும்.

டிக்கெட்டைப் பொறுத்தவரை, டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் டெல்லியில் காலைப் பனிமூட்டம் விமானங்களை மணிக்கணக்கில் நிறுத்திவைக்கும். டெல்லி வழியாகப் போனால் இரண்டு பயணமும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் இருக்க வேண்டும், நடுவில் நாலைந்து மணி நேரமாவது வேண்டும். துபாய் வழியாகப் போகிறவர்கள் கசகசாவை விட்டுவிடுங்கள், அமீரகத்தில் அதற்குத் தடை. வீட்டில் அரைத்த குருமாப் பொடியில்கூட அது ஒளிந்திருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கனடாவில் இறங்கியதும், சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றே சொல்லுங்கள். மறைத்து மாட்டினால் 1,300 கனடிய டாலர் வரை அபராதம். உண்மையில் இட்லி அரிசி வரை டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவின் தமிழ்க் கடைகளிலேயே கிடைக்கும், அவ்வளவு சுமக்க அவசியமில்லை.

மாவு புளிக்காதது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள புகார். அடுப்பு மேடையில் வைத்தால் இரண்டு நாளானாலும் கல் மாதிரி கிடக்கும். ஓவனைப் பற்றவைக்காமல் அதன் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வையுங்கள், 10 முதல் 14 மணி நேரம். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம், அடியில் ஒரு தட்டு வையுங்கள். உள்ளே மாவு இருப்பதை ஒரு சீட்டில் எழுதி ஓவன் கதவில் ஒட்டிவிடுவது முக்கியம். தெரியாமல் யாராவது பீட்ஸாவுக்கு ஓவனைப் பற்றவைத்துவிடுவார்கள். தாளிக்கும்போது எக்ஸாஸ்ட்டை முதலில் போட்டுவிட்டு மிளகாயைப் போடுங்கள். இல்லையென்றால் புகை அலாரம் வீட்டையே எழுப்பிவிடும்.