காலியாகக் கிடந்த மூன்று தளங்கள்

நகரின் மையத்தில் எங்கள் குடும்பத்துக்குக் கூட்டாக ஒரு கட்டடம் இருக்கிறது. மூன்று தளங்கள், தளத்துக்கு 20,000 சதுர அடி. பல ஆண்டுகளாக அங்கிருந்த பல்பொருள் அங்காடி காலி செய்துகொண்டு போனபோது, ஒரு மாதத்தில் அடுத்த வாடகைதாரர் வந்துவிடுவார் என்று பங்காளிகள் நான்கு பேரும் நம்பினோம். 14 மாதங்கள் ஷட்டர் ஏறவில்லை.

ஆளில்லாத கட்டடமும் சாப்பிடும். வரி, காவலாளி சம்பளம், குறைந்தபட்ச மின்கட்டணம் எல்லாம் வழக்கம்போல வந்தன. தொடர்ந்து பூட்டிக் கிடந்தால் இழப்பீடு குறையும் என்று காப்பீட்டுப் பத்திரத்தில் ஒரு விதி இருந்ததை அப்போதுதான் படித்தேன். கழிவறைகளில் தண்ணீர் புழங்காததால், குழாய் வளைவில் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் நீர் வற்றிவிட்டது. பிறகு வாரம் ஒருமுறை நானே போய் வாளியால் ஊற்றிவிட்டு வந்தேன்.

குடும்பக் கூட்டத்தில் சித்தப்பா அடுக்ககம் என்றார். அத்தைக்கு விழா மண்டபம். அண்ணனுக்கு உடற்பயிற்சிக் கூடம். நான் நூலகம் என்றேன். என் ஆசையிலும் கணக்கு எதுவும் இல்லை. நான்கு கூட்டங்கள் இப்படியே போயின. ஐந்தாவதற்கு முன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்தோம். முதலிலேயே அழைத்திருக்க வேண்டும்.

அவர் முதலில் பார்த்தது ஜன்னல்களை. ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, ஏறக்குறைய அதைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் உள்ளே வரும் என்றார். எங்களுக்கு அது 7 மீட்டர். தளத்தின் ஆழமோ 40 மீட்டர். நடுவில் வீடு கட்டினால் பகலிலும் விளக்கெரிக்க வேண்டும். சித்தப்பா பேசாமல் எழுந்து போய்விட்டார். மண்டபத்துக்கு அதிகக் கூட்டம் வரும், அதற்கேற்ற அவசர வழிகள் வேண்டும். இருப்பவை இரண்டே படிக்கட்டுகள். எஸ்கலேட்டரைத் தீயணைப்புத் துறை அவசர வழியாகக் கணக்கில் எடுக்காது. கடைக்காகப் போட்ட மேல்தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 400 கிலோ தாங்கும். புத்தக அடுக்குகளுக்கு 600 கிலோவுக்கு மேல் வேண்டும். எடையைத் தூக்கிப் போடும் கூடம் மேலே இருந்தால் கீழே இருப்பவர் நிம்மதியாக உட்கார முடியாது. ஒரே பிற்பகலில் நான்கு கனவுகளும் போயின.

அந்த நேரத்தில் அமெரிக்காவின் பர்லிங்டன் நகரைப் பற்றிப் படித்தேன். அங்கே பள்ளிக் கட்டடத்தில் நச்சு வேதிப்பொருள் இருந்ததால், 2021இல் உயர்நிலைப் பள்ளியை மூடிக்கிடந்த மேசீஸ் அங்காடிக்கு மாற்றினார்கள். பிள்ளைகள் எஸ்கலேட்டரில் வகுப்புக்குப் போனார்கள். தடுப்புச் சுவர்கள் கூரைவரை எட்டாததால் பக்கத்து வகுப்புச் சத்தம் கேட்குமாம். இருந்தும் பாடம் நடந்தது. அதைப் படித்த பிறகுதான், 60,000 சதுர அடிக்கும் ஒரே பதிலைத் தேடுவதை விட்டோம்.

தரைத்தளத்தில் தெருவைப் பார்த்த 10 மீட்டரைச் சிறு கடைகளாகப் பிரித்தோம். அதன் பின்னாலுள்ள இருட்டுப் பகுதியை ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தோம். அவர்களுக்கு வெயில் படாததே வசதி. முதல் மாடியின் ஜன்னலோரம் பயிற்சி வகுப்புகள். எல்லாம் ஓராண்டு ஒப்பந்தம்தான், நீண்ட குத்தகை இல்லை. பயன்பாட்டு மாற்ற அனுமதிக்கான விண்ணப்பம் இரண்டுமுறை திரும்பி வந்தது. கழிவறைகளின் எண்ணிக்கையைக் கடைக் கணக்கிலேயே காட்டியிருந்தோம். வகுப்புகளுக்கு அது போதாது. குழாய்களோ ஒரே மூலையில் இருந்தன, அதனால் தரையை உடைத்தோம். மொத்தச் செலவில் எனக்கு வலித்தது அதுதான்.

மேல்தளம் இன்னும் காலி. நடுவில் கூரையைத் திறந்து ஒரு முற்றம் விட்டால் வெளிச்சம் வருமே என்று சித்தப்பா மறுபடி ஆரம்பித்திருக்கிறார். எவ்வளவு பரப்பு போகும் என்று பொறியாளர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். அதுவரை அந்தத் தளத்துக்கு மட்டும் நான் வாளியோடு போய் வருகிறேன்.