புல்லில் உட்கார்ந்த மனிதன்

நவம்பர் 4

ரஷ்ய எழுத்தாளர்கள் செகாவும் கார்க்கியும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களை இன்று தொடங்கினேன். முதலில் எழுதியவர் கார்க்கி. 1898-இன் பிற்பகுதி. அவர் நீழ்னி நோவ்கராத் நகரில். செகாவ் காசநோயோடு யால்டாவில். உங்கள் 'வான்யா மாமா' நாடகத்தைப் பார்த்துப் பொம்பளை மாதிரி அழுதேன் என்கிறார் கார்க்கி. வீடு திரும்பி நீளமாக ஒரு கடிதம் எழுதி, அதைக் கிழித்தும் போட்டாராம். நம் கைக்கு வந்ததைவிட அந்தக் கிழிந்த கடிதத்தின் மேல்தான் எனக்கு ஆசை.

நவம்பர் 5

தேதிக் குழப்பம். ரஷ்யாவின் பழைய காலண்டர் மற்ற ஐரோப்பாவைவிட 12 நாள் பின்னால் ஓடியது. 1900-இலிருந்து 13 நாள். ஓரத்தில் பென்சிலால் கூட்டிக் கூட்டிப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டேன். அவர்கள் போட்ட தேதியே இருக்கட்டும்.

நவம்பர் 7

கார்க்கி தன் கதைகளைப் பற்றிக் கேட்டதும் செகாவ் குறையைச் சொல்லியேவிடுகிறார். 1898 டிசம்பர் 3: உங்களிடம் அடக்கம் போதவில்லை, நாடகக் கொட்டகையில் உற்சாகம் தாங்காமல் கூச்சலிட்டு, தானும் கேட்காமல் அடுத்தவரையும் கேட்கவிடாத ரசிகர் மாதிரி இருக்கிறீர்கள்.

மறுவருஷம் செப்டம்பரில் இன்னும் கறார். புரூஃப் பார்க்கும்போது அடைமொழிகளை அடித்துத் தள்ளுங்கள் என்கிறார். 'மனிதன் புல்லில் உட்கார்ந்தான்' என்றால் சட்டென்று புரிகிறது. அதற்கு எதிர் உதாரணமாக அவரே கட்டும் வாக்கியத்தில் அந்த ஆள் நெட்டையன், ஒடுங்கிய மார்பு, நடுத்தர உயரம், செந்தாடி. புல்லோ பச்சை, நடப்பவர்கள் மிதித்துக் கசங்கியது. அவன் ஓசைப்படாமல், கூச்சத்தோடு, மிரண்டு பார்த்தபடி உட்காருகிறான். நெட்டையனாம், நடுத்தர உயரமுமாம்! வேண்டுமென்றே செய்த குறும்பு என்றே நினைக்கிறேன்.

கார்க்கி முறுக்கிக்கொள்ளவில்லை. கடிதங்கள் தொடர்கின்றன.

நவம்பர் 8

என் கதையை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே 'மெல்ல' நான்கு தடவை. மூன்றை அடித்தேன். நான்காவதும் தேவையில்லைதான்.

நவம்பர் 12

இடையில் நாலு நாள் படிக்க முடியவில்லை. இன்று 1902-ஆம் வருஷக் கடிதங்கள்.

பிப்ரவரியில் ரஷ்யாவின் அறிவியல் அகாதெமி கார்க்கியைக் கௌரவ உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கிறது. அவர் மேல் போலீஸ் விசாரணை இருந்தது. ஜார் இரண்டாம் நிக்கலாய்க்குக் கோபம். மார்ச்சில் தேர்தல் செல்லாது என்று அறிவிப்பு. அதை வெளியிட்டது அகாதெமியின் பெயரிலேயே. செகாவும் இன்னொரு எழுத்தாளரான கரலேன்கோவும் அங்கே உறுப்பினர்கள். கரலேன்கோ யால்டாவுக்கே வந்து பேசிவிட்டுப் போகிறார். இருவருமே விலகுகிறார்கள்.

ஆகஸ்ட் 25 தேதியிட்ட செகாவின் விலகல் கடிதம் சின்னது. ஜாரைத் திட்டவில்லை, சுதந்திரம் பற்றிப் பிரசங்கமும் இல்லை. அவர் சொல்வது இவ்வளவுதான்: கார்க்கியை நான் மனமார வாழ்த்தினேன். பிறகு அகாதெமி செல்லாது என்றது. நானும் அகாதெமிதான், ஆக அந்த அறிவிப்பு என்னிடமிருந்தும் வந்ததாகிறது. வாழ்த்தியவனும் நான், ரத்து செய்தவனும் நான் என்ற முரணை மனசாட்சி ஏற்கவில்லை. கணக்கு வாத்தியார் படி படியாகப் போட்டுக் காட்டுவது போல இருக்கிறது.

பென்சிலோடு உட்கார்ந்து அடைமொழி தேடினேன். தன் முடிவைச் சொல்லும் இடத்தில் இரண்டு வருகின்றன: பாரமான, துயரமான. இரண்டையும் அடிக்க மனம் வரவில்லை.