உறைமேல் இருக்கும் 70

நேற்று மாலை தங்கசாலைத் தெருவில் என் சித்தப்பா மகன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பிளாஸ்டிக் உறைக்குள் அமெரிக்கன் ஈகிள் தங்க நாணயம், ஒரு அவுன்ஸ், தரம் 70. "தங்க விலையைவிட ரொம்ப அதிகம் கேட்கிறார்கள் அண்ணா, வாங்கட்டுமா?"

வேண்டாம் என்றேன், அவன் சேமிப்பு என்பதால் சற்று அழுத்தமாகவே.

நாணயத்தின் தரத்தை 1 முதல் 70 வரை மதிப்பிடுகிறார்கள். ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தும் குறை தெரியாவிட்டால் 70. மிகச் சிறிய குறை இருந்தால் 69. பழைய நாணயங்களில் இந்த எண் பெரிய விஷயம். கைமாறிக் கைமாறித் தேய்ந்தவை போக, மெருகு குலையாமல் தப்பியவை சொற்பம். ஈகிள் கதை வேறு. 1986 முதல் வருகிறது. வாங்குபவர்கள் தொடக்கம் முதலே பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். சமீப ஆண்டு நாணயங்களில் 70 பெற்றவை ஏராளம். மதிப்பீட்டுக்கே போகாதவை இன்னும் பெட்டிகளில் கிடக்கின்றன. அவையும் வந்து எண்ணிக்கை கூடக் கூட, அந்தக் கூடுதல் விலை கரையும்.

உண்மையிலேயே அரிதானவையும் உண்டு. 1999-இல் மெருகேற்றி முடிக்காத அச்சுகளால் தவறுதலாக அடிக்கப்பட்ட, வெஸ்ட் பாயிண்ட் நாணயச்சாலையைக் குறிக்கும் 'டபிள்யூ' குறியுள்ள சிறிய ஈகிள்களைச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். அங்கே அபூர்வம் நாணயத்திலேயே இருக்கிறது.

ஒரு அவுன்ஸ் ஈகிளின் மொத்த எடை 33.93 கிராம், 22 காரட். நாலேகால் சவரனுக்குச் சற்றுக் குறைவு. சௌகார்பேட்டையில் விற்கப் போனால் தராசில் நிற்பது அதுதான். பணம் கட்டும் முன்பே தம்பி கேட்டானே, எனக்கு அது பெரிய நிம்மதி.