சிவப்பு மூடி பாட்டில்

பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும் எதையும் தண்ணீராகவே நடத்துவது எங்கள் குடும்ப வழக்கம். அதில் கடைசியாக மாட்டியது காண்டாக்ட் லென்ஸ் சொல்யூஷன்.

நான் பல வருடமாக லென்ஸ் போடுகிறவள். தம்பி புதுசு. முதல் பாட்டில் தீர்ந்ததும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "எல்லாம் லென்ஸ் கழுவுறதுதானே" என்று சிவப்பு மூடி போட்ட ஒன்றை வாங்கி வந்தான். கூடவே நெட்டையாக ஒரு டப்பா. உள்ளே லென்ஸ் வைக்க இரண்டு குட்டிக் கூடை, அடியில் பல்பல்லாக ஒரு கறுப்பு வில்லை. "இதெல்லாம் யாருக்கு வேணும்" என்று அதை அலமாரியில் போட்டுவிட்டு, பழைய தட்டை டப்பாவிலேயே ஊற்றி லென்ஸை ஊறவைத்துவிட்டுத் தூங்கிவிட்டான். சிவப்பு மூடியில் எச்சரிக்கை வேறு இருந்தது. எச்சரிக்கையைப் படிக்கிற ஜாதியா அவன்?

காலையில் அவன் போட்ட அலறலில், மேலே பல்லி விழுந்துவிட்டதென்று அப்பா துடைப்பத்தோடு ஓடி வந்தார். நல்ல வேளை, ஒரு கண்ணில்தான் போட்டிருந்தான். கண் இறுக மூடிக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்கிறது. உள்ளே இருக்கிற லென்ஸை எடுத்தாக வேண்டும். "தேய்ச்சு விடுடா, சரியாயிடும்" என்று அப்பா. "தேய்க்காதே, தேய்க்காதே" என்று அம்மா. இரண்டு பேருக்கும் நடுவில் நான் இமையைப் பிரித்து லென்ஸை எடுத்து, குழாயடியில் நிறுத்தி நெடுநேரம் கண்ணைக் கழுவவிட்டேன். அப்புறம் நேராகக் கண் டாக்டர். பாட்டிலையும் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

டாக்டர் பாட்டிலைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "இதோட ஒரு டப்பா கொடுத்திருப்பாங்களே?"

"கொடுத்தாங்க சார்."

"அது அழகுக்குக் கொடுத்ததுன்னு நெனச்சீங்களா?"

விஷயம் இதுதான். அது 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. கிருமியைக் கொல்வதில் கில்லாடி. கழுவ, அலச, ஊறவைக்க எல்லாவற்றுக்கும் ஒன்றாக வரும் சாதாரண மல்ட்டிபர்ப்பஸ் சொல்யூஷனில், அது கெடாமல் இருக்கச் சேர்க்கும் பிரிசர்வேட்டிவ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதைத்தான் எழுதித் தருவார்களாம். ஆனால் அப்படியே கண்ணில் பட்டால் கண்ணையும் ஒரு கிருமியாகத்தான் நினைக்கும். அந்தக் கறுப்பு வில்லையில் பிளாட்டினம் பூசியிருக்கிறது. அது பட்டதும் பெராக்சைடு பொங்கிப் பொங்கித் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைந்துவிடும். முழுசாக உடைய பெரும்பாலும் 6 மணி நேரம். வாயு வெளியேறத்தான் அந்த டப்பா மூடியில் ஓட்டை. தட்டை டப்பாவில் வில்லை ஏது? விடிய விடிய ஊறியும் அது பெராக்சைடாகவே உட்கார்ந்திருந்தது.

கருவிழியில் மேலாகத்தான் எரிந்திருக்கிறது, சொட்டு மருந்து போதும், சரியாகும்வரை கண்ணாடிதான் என்றார். அப்பாடா. போகிற போக்கில், "வில்லை போகப்போக வலு இழந்துடும், ஒவ்வொரு புது பாட்டிலுக்கும் அதோட வர்ற புது டப்பாவைத்தான் பயன்படுத்தணும்" என்று சொல்லிவிட்டார். இதை அம்மா முன்னால் சொல்லியிருக்க வேண்டாம்.

"பிளாட்டினத்தையா தூக்கிப் போடச் சொல்றார்?"

பூச்சும்மா, வெறும் பூச்சு. கேட்டால்தானே. அந்த டப்பா அன்றைக்கே நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டது.

வீடு வந்ததும் கண் சுகாதாரத் துறையை அம்மா கையில் எடுத்துக்கொண்டார். முதல் வேலையாக என் லென்ஸ் டப்பாவைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவிக் கவிழ்த்தார். கவிழ்த்தது சரி, கழுவியதுதான் வம்பு. குழாய்த் தண்ணீரில் அகாந்தமீபா என்றொரு உயிரி இருக்கலாம்; குடித்தால் ஒன்றும் செய்யாது, லென்ஸுக்கு அடியில் மாட்டினால் கருவிழியைத் தின்ன ஆரம்பிக்கும், வைத்தியம் மாதக்கணக்கில் ஓடும். டப்பாவையும் சொல்யூஷனால்தான் கழுவ வேண்டும் என்றேன்.

"டப்பாவைக் கழுவ அதை ஊத்துறதா! முந்தின ராத்திரி ஊத்தினதை அப்படியே வெச்சு, மேல கொஞ்சம் விட்டாப் போதாதா?"

போதாது. ஒரு ராத்திரி கிருமியோடு சண்டை போட்டுக் களைத்த சொல்யூஷன் அது. 2006-ல் ஒரு சொல்யூஷனை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். லென்ஸ் போட்டவர்களின் கண்ணில் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை பிடித்ததுதான் காரணம். பழசின் மேலேயே புதுசை ஊற்றும் சிக்கனமும் அதற்குத் துணைபோயிருக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். பூஞ்சை என்றதும் அம்மா கையை எடுத்துவிட்டார்.

அப்பாவின் யோசனை வேறு. பயணத்துக்கு வசதியாகக் குட்டி பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்ளலாமே? கூடாதுப்பா, வேறு பாட்டிலுக்கு மாற்றினாலே சுத்தம் போச்சு. சலைன், அதான் அந்த உப்புத் தண்ணீர், மலிவாக இருக்கிறதே? அது அலசத்தான், கிருமியைக் கொல்லாது. அதற்குமேல் அவர் கேட்கவில்லை, செய்தித்தாளை விரித்துவிட்டார்.

தம்பி கண் தேறி, மல்ட்டிபர்ப்பஸுக்கே திரும்பிவிட்டான். இப்போதெல்லாம் சோப்புப் போட்டுக் கை கழுவி, உள்ளங்கையில் லென்ஸை வைத்து விரலால் தேய்த்து, புதுச் சொல்யூஷனில் அலசி, பூஜை மாதிரி செய்கிறான். அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"அந்தச் சிவப்பு மூடியையே வாங்கேன்டா. இந்தத் தடவை நானே பார்த்து ஊத்தித் தர்றேன். அப்படியே வில்லையும் சேரும்ல?"